பழுதடைந்த கதவு நிலையை மாற்றுதல்: முதல் சோதனையிலிருந்து கதவு மாட்டுவது வரை

கதவு நிலை மாற்றும் வேலை கெடுவது பெரும்பாலும் கைத்திறன் போதாமையால் அன்று. வேலைகளின் வரிசை பிறழ்வதால்தான். சுவரை உரித்துப் பார்க்காமலே புது நிலைக்கு அளவு கொடுத்துவிடுகிறார்கள். கறையான் வந்த வழி திறந்திருக்கும்போதே அதன்மேல் புது மரத்தை நிறுத்துகிறார்கள். கலவை இறுகும் முன்பே கதவை மாட்டிவிட்டு, ஒரு மாதத்தில் கதவு தரையில் உரசுகிறது என்று தச்சரைக் குறை சொல்கிறார்கள். ஆகையால் இங்கே ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஓர் அமைப்பு: 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் லிண்டல் (திறப்பின் மேலுள்ள சுவரைத் தாங்கும் உத்தரம்), வெளி அளவில் 3 அடிக்கு 7 அடி கொண்ட உள்அறை மர நிலை. வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

1. முழு நிலையையும் மாற்றத்தான் வேண்டுமா?

ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, நிலைக்கால்களின் அடியிலிருந்து தொடங்கி அரை அடிக்கு ஓரிடமாக மேல்நோக்கிக் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த மரம் முனையை உள்ளே விடாது. பெயிண்ட் மட்டும் முழுதாக நின்று, உள்ளே மரம் மண்ணாக உதிர்ந்தால், அந்த இடம் போய்விட்டது என்று பொருள். கைப்பிடியால் தட்டும்போது பொள்ளென்று ஒலி வரும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

பூட்டுப் பக்கத்துக் காலில், அடியிலிருந்து ஓர் அடிக்குள் மட்டும் கேடு இருந்தால் முழு நிலையையும் எடுக்கத் தேவையில்லை. கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, அதே மரத்தில் ஒட்டுத்துண்டு செய்து, பசையும் திருகாணியும் இட்டு இணைத்தால் போதும். கீல் பக்கத்துக் காலில் இதைச் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் கீழ்க்கீல் தரையிலிருந்து ஏறத்தாழ 8 முதல் 10 அங்குல உயரத்தில், அதாவது ஒட்டு விழும் அதே இடத்தில் அமர்கிறது. கதவின் எடையைத் தாங்கும் கீலை ஒட்டில் திருகினால் அது நிற்காது.

இரண்டு கால்களும் கெட்டிருந்தாலோ, கேடு மேற்கட்டை வரை ஏறியிருந்தாலோ, கையால் தள்ளும்போது நிலையே சுவருக்குள் ஆடினாலோ முழுவதையும் மாற்றுவதுதான் வழி.

2. கேடு எங்கிருந்து வந்தது என்று கண்டறிதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் சில ஆண்டுகளில் அதே வேலையை மறுபடியும் செய்வார்கள். காரணம் பெரும்பாலும் கறையானாகவோ ஈரமாகவோ இருக்கும். பல வீடுகளில் இரண்டும் கலந்திருக்கும்.

கறையான் என்றால் நிலையின் ஓரத்திலோ சுவரிலோ மண்குழாய் தெரியும். அது மரத்தில் பிறப்பதில்லை. தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பின் வழியாக மண்ணிலிருந்து ஏறி வருகிறது. ஈரம் என்றால் அடிப்பகுதி கறுத்து, நார் நாராகப் பிரியும். குளியலறை நிலைகளிலும், தினமும் நீர் தெளித்துக் கழுவப்படும் தலைவாசல் நிலைகளிலும் இதைக் காணலாம். பழைய வீடுகளில் நிலைக்கால்களைத் தரைத்தளத்துக்குள் ஓரிரு அங்குலம் புதைத்து வைப்பது வழக்கம். மரத்தின் வெட்டுமுனை நீரைத் தானாகவே மேலே உறிஞ்சும் என்பதால், கேடு அங்கேதான் தொடங்கும்.

நிலையின் மேல் மூலைகளிலிருந்து சுவரில் சாய்வான வெடிப்புகள் ஓடினால், அது நிலையின் குறையாக இல்லாமல் லிண்டல் அல்லது அடித்தளத்தின் குறையாக இருக்கலாம். அவ்வாறு தெரிந்தால் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிய பின்னரே மேற்கொண்டு செல்லுங்கள்.

3. லிண்டலையும் மின்குழாயையும் தேடுதல்

நிலையை எடுத்தபின் அதன் மேலுள்ள சுவரைத் தாங்குவது லிண்டல்தான். அது இருக்கிறது என்று நம்பிக்கொண்டு தொடங்காமல் கண்ணால் பாருங்கள்: மேற்கட்டைக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை உடைத்தால், கான்கிரீட்டா செங்கல்லா என்று தெரிந்துவிடும். லிண்டல் திறப்பின் இருபுறமும் குறைந்தது 6 அங்குலம் சுவர்மேல் அமர்ந்திருக்க வேண்டும்; ஆகவே மூலைகளுக்கு வெளியேயும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

மிகப் பழைய வீடுகளில் லிண்டலுக்குப் பதில் மரப்பலகையோ செங்கல் வளைவோ இருக்கும். சிலவற்றில் கனத்த நிலையே சுவரின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அங்கே முட்டுக் கொடுத்து, புது லிண்டல் போட்ட பிறகே நிலையைத் தொட வேண்டும். இது வீட்டுக்காரர் தாமாகச் செய்யக்கூடிய வேலை அன்று.

கதவுக்குப் பக்கத்தில் சுவிட்சுப் பெட்டி இல்லாத அறை அரிது. அதிலிருந்து மேலே செல்லும் குழாய் நிலையிலிருந்து சில அங்குலத் தொலைவிலேயே பூச்சுக்குள் புதைந்திருக்கும். குழாய் செல்லும் கோட்டைச் சுவரில் குறித்துவிட்டு, வெட்டும் நேரம் முழுவதும் அந்தப் பகுதியின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தி வையுங்கள்.

4. பூச்சை உரித்து அளவெடுத்தல்

பழைய நிலையை நிறுத்தி வைத்துக்கொண்டே, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை மட்டும் உரித்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிப்பேன் என்பவர் இதைக் கடைப்பிடிக்கட்டும். பூச்சின் வெளிவிளிம்பை கிரைண்டரால் கோடாக வெட்டிவிட்டு, உளியால் தட்டி எடுத்தால் மீதிச் சுவரின் பூச்சு பெயராது.

செங்கல் தெரிந்தபின், செங்கல்லுக்குச் செங்கல் உள்ள அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் எடுங்கள். உயரத்தை லிண்டலின் அடியிலிருந்து முடிந்த தரை வரை இருபுறமும் எடுங்கள். மூன்று அகலங்களும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அவற்றில் சிறியதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய நிலையின் மேல் அளவெடுத்துப் புது நிலை செய்தவர்கள், அதைக் கொண்டுவந்து நிறுத்தும் நாளில் சுவரைச் செதுக்கிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்தாயிற்று: கட்டும்போதே நிறுத்தப்பட்ட பழைய நிலையைச் செங்கல் இறுகப் பிடித்திருக்கும், பின்னால் நுழைக்கும் நிலைக்கோ சுற்றிலும் இடைவெளி தேவை.

புது நிலையின் வெளி அகலம், சிறிய அகலத்தைவிட ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை குறைவாக இருக்க வேண்டும். அதாவது பக்கத்துக்கு அரை முதல் முக்கால் அங்குலம். மேலே அரை அங்குலம் போதும். தரையில் டைல்ஸ் மாற்றும் எண்ணம் இருந்தால், அதன் கனத்தை இப்போதே கணக்கில் சேருங்கள்.

5. புது நிலை செய்யச் சொல்லுதல்

உள்அறைக்கு 4 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம் போதுமானது. தலைவாசலுக்கு 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் அல்லது அதற்கு மேல். அறுத்த சட்டத்தை இழைத்தபின் ஒவ்வொரு அளவிலும் கால் அங்குலம் வரை குறையும் என்பதை மறக்க வேண்டாம். கீழ்ப்படி இல்லாத 3 அடிக்கு 7 அடி நிலைக்கு 17 அடி நீளச் சட்டம் ஆகும்; 4க்கு 3 என்றால் அது ஏறத்தாழ 1.4 கன அடி. கழிவையும் சேர்த்து ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கன அடி வரை தச்சர் கேட்பது நியாயம். அதற்கு மேல் சொன்னால் காரணம் கேளுங்கள்.

தேக்கு, வேங்கை, வேம்பு ஆகியவை எல்லாம் நிலைக்கு உதவும். மரத்தின் பெயரைவிட இரண்டு செய்திகள் முக்கியம்: மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும், சட்டத்தில் வெளிர்நிற வெள்ளைப்பகுதி இல்லாமல் வைரப்பகுதியாக இருக்க வேண்டும். தேக்கு என்று பெருமையாக வாங்கப்பட்ட நிலையிலும் வெள்ளைப்பகுதியைக் கறையான் தின்றுவிடும். சட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் வளைவும் முறுக்கும் தெரியும். சிறு வளைவை இழைத்துச் சரிசெய்யலாம். முறுக்கை எதுவும் செய்ய முடியாது, ஆகவே அதை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

குளியலறைக்கு மரமே வேண்டாம் என்பது என் கருத்து. கிரானைட் நிலையோ டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த) நிலையோ அங்கே அதிக நாள் உழைக்கும்.

பழைய கதவையே மாட்டுவதாக இருந்தால், கதவை அளந்துதான் நிலை செய்ய வேண்டும். 36 அங்குல வெளி அகலமுள்ள நிலையில், கால்கள் 3 அங்குல முகமும் கதவு அமரும் காடி (நீளவாக்கில் வெட்டிய பள்ளம்) அரை அங்குல ஆழமும் கொண்டவை என்றால், காடிக்குள் கிடைக்கும் அகலம் 31 அங்குலம். பக்கத்துக்கு 2 முதல் 3 மி.மீ. விட்டால் கதவு 30¾ அங்குலம். காடியின் அகலம் கதவின் கனத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் கீல், எந்த அறைக்குள் கதவு திறக்கிறது என்பதை வாயால் சொல்லாமல் தாளில் வரைந்து கொடுங்கள். இடவலம் மாறிச் செய்யப்பட்ட நிலையைத் திருப்பிப் போட வழியில்லை.

சுவரைத் தொடும் முகங்களுக்கும் கால்களின் வெட்டுமுனைகளுக்கும், நிலை வீட்டுக்கு வந்தவுடன் தாரோ பிரைமரோ இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். நிறுத்தியபின் அந்த முகங்களுக்குத் தூரிகை எட்டாது.

6. உடைக்கும் நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நிலை வீட்டுக்குள் வந்து, அதன் அளவை மறுபடியும் சரிபார்த்த பிறகே பழையதை உடைக்க வேண்டும். தலைவாசலாக இருந்தால் இது இன்னும் கட்டாயம். வாசலைத் திறந்து போட்டுத் தேவைக்கு மேல் ஓர் இரவுகூடக் கழிக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

கருவிகளில் தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், கைவாள், கடப்பாரை, கிரைண்டர், உளி, சுத்தியல் ஆகியவை வேண்டும். கிரைண்டர் ஓடும்போது கண்ணாடியும் முகக்கவசமும் அணியாமல் வேலை செய்யக் கூடாது. பொருள்களில் நிலையைச் சுவரோடு பிடித்துவைக்கும் ஆறு இரும்புக் கிளாம்புகள் (காலுக்கு மூன்று, நுனி பிளந்தவை), சிமெண்ட், மணல், அரை அங்குலச் சிறுஜல்லி, ஜோடி ஜோடியாகச் சீவிய மர ஆப்புகள், குறுக்கே அடிக்கச் சில மெல்லிய நீளக் கட்டைகள் ஆகியவை போதும்.

கொத்தனாரும் தச்சரும் ஒரே நாளில் அங்கிருக்க ஏற்பாடு செய்யுங்கள். தச்சர் நிறுத்திவிட்டுப் போய், கொத்தனார் மறுநாள் கலவை அடைத்தால், நிலை சாய்ந்ததற்கு இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். தலைவாசல் நிலைக்கு நல்ல நேரம் பார்ப்பவர்கள் அந்த நேரத்தை நிலை நிறுத்துவதற்கு வைத்துக்கொண்டு, உடைக்கும் வேலையை அதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. நேரம் நெருங்குகிறது என்ற அவசரத்தில் மட்டம் பார்க்காமல் விட்ட நிலைகள் பல உண்டு.

7. பழைய நிலையை எடுத்தல்

முதலில் கதவைக் கழற்றி வேறு அறையில் சாய்த்து வையுங்கள். பிறகு நிலைக்கால் ஒன்றை நடுவில் சாய்வாக அறுங்கள். சாய்வாக அறுப்பதற்குக் காரணம் உண்டு: நேராக அறுத்தால் இரு துண்டுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், சாய்வாக அறுத்தால் ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கி வெளியே வரும்.

அறுபட்ட இடத்தில் கடப்பாரையை நுழைத்துத் திறப்பின் உட்பக்கமாக நெம்புங்கள். வரவில்லையென்றால் பழைய கிளாம்பு பிடித்திருக்கிறது. அதைத் தேடி கிரைண்டரால் அறுத்துவிட வேண்டும். கிளாம்போடு சேர்த்து இழுத்தால் இரண்டு செங்கல்லும் கூடவே வரும். இரு கால்களும் வந்தபின் மேற்கட்டையை எடுங்கள். அதன் இரு நுனிகளும் சுவருக்குள் சில அங்குலம் நீண்டிருக்கக்கூடும். அவற்றைச் சுவர் மட்டத்தில் அறுத்துவிட்டு, புதைந்த துண்டுகளைத் தவறாமல் தோண்டி எடுங்கள். கறையானுக்கு அந்தத் துண்டு போதும்.

8. குழி வெட்டுதலும் மருந்தும்

கிளாம்புகளைப் புது நிலையில் திருகி, நிலையைத் திறப்பின் முன் நிறுத்தி, அவை வரும் இடங்களைச் சுவரில் குறியுங்கள். மேலிருந்து ஓர் அடியில் ஒன்று, கீழிருந்து ஓர் அடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இருக்கும். கீல் திருகாணி விழும் இடத்தோடு மோதாதபடி சற்று நகர்த்திக்கொள்ளலாம்.

குழியை நிலை நுழையும் பக்கத்துச் சுவர்முகம் வரை திறந்து வெட்ட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் திறப்பின் பக்கவாட்டில் மட்டும் துளை போட்டுவிட்டு, கிளாம்பு நீட்டிக்கொண்டிருக்கும் நிலையை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று திகைத்து நிற்பார்கள். முகம் வரை திறந்திருந்தால் நிலையை முன்பக்கமிருந்து நேராகத் தள்ளி நிறுத்திவிடலாம். குழியின் வாயைவிட உட்புறம் சற்று அகலமாக இருந்தால், இறுகிய கான்கிரீட் பிடுங்கிக்கொண்டு வராது.

கறையான் இருந்த வீடு என்றால் மருந்தடிக்க இதுவே நேரம். கட்டி முடித்த வீடுகளில் கறையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 6313, பகுதி 3, சுவரும் தரையும் சேரும் கோட்டில் 300 மி.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு மருந்து செலுத்தச் சொல்கிறது. திறப்பின் இருபுறமும் அதைச் செய்து, வெட்டிய குழிகளிலும் தெளித்துவிடுங்கள். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை அதன் சீட்டில் உள்ள அளவில் மட்டுமே கலக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உள்ளே இழுபட ஒரு நாள் விடலாம்.

9. நிறுத்துதலும் மட்டம் பார்த்தலும்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. நிறுத்துவதற்கு முன்பே, கால்களின் அடியில் ஒரு குறுக்குக் கட்டையும், மூலைகளில் சாய்வுக் கட்டைகளும் அடித்து நிலையைச் சதுரமாகப் பூட்டிவிடுங்கள். மூலைக்கு மூலை இரண்டு கர்ண அளவுகளும் சமமாக இருந்தால் நிலை சதுரம். 900க்கு 2100 மி.மீ. நிலையில் அது ஏறத்தாழ 2285 மி.மீ. வரும். சதுரமில்லாத நிலையை நிறுத்திவிட்டுத் தூக்குக்குண்டு விட்டுப் பயனில்லை, ஒரு காலைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும்.

நிலையைத் திறப்பில் வைக்கும்போது, கதவு திறக்கும் பக்கத்துச் சுவரின் பூச்சு முகத்தோடு நிலையின் முகம் சமமாக வர வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால் கதவு முழுதாகத் திறந்து சுவரோடு சாயாது. பூச்சை உரித்துவிட்டதால் அந்த முகம் எங்கே என்பது கண்ணுக்குத் தெரியாது. மேலும் கீழும் பழைய பூச்சிலிருந்து ஒரு நேர்கட்டையைக் குறுக்கே பிடித்துப் பாருங்கள்.

முதலில் மேற்கட்டையின் மேல் ரசமட்டத்தை வையுங்கள். தரை சாய்ந்திருந்தால் தாழ்ந்த காலுக்கு அடியில் கிரானைட் துண்டு வைத்து உயர்த்துங்கள். கிரானைட் துண்டு இரண்டு கால்களுக்கும் இருந்தால் இன்னும் நல்லது. மரம் தரையீரத்தைத் தொடாமல் நிற்கும். பழைய முறைப்படி காலைத் தரைக்குள் புதைக்க வேண்டாம்.

அடுத்து கீல் பக்கத்துக் காலுக்குத் தூக்குக்குண்டு விடுங்கள், இரண்டு முகங்களில்: ஒன்று சுவரின் முகத்துக்கு இணையான முகம், மற்றொன்று திறப்பின் உள்முகம். ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் நான் கண்ட தவறுகளில் மிகுதியானது. உள்முகம் சாய்ந்தால் கதவு மூலையில் உரசும். முன்முகம் சாய்ந்தால் கதவு யாரும் தொடாமலே தானாகத் திறக்கும் அல்லது மூடும். கீல் பக்கம் சரியான பின்னரே பூட்டுப் பக்கத்துக் காலை அதற்கு இணையாகக் கொண்டுவாருங்கள்.

இரண்டு கால்களும் தனித்தனியே நேராக இருந்தும் நிலை முறுகியிருக்கலாம். அதைப் பார்க்க, நிலையின் ஒரே முகத்தில் எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூல்கள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டால் முறுக்கில்லை. இடைவெளி விட்டாலோ, ஒன்று மற்றொன்றை அழுத்தினாலோ, ஒரு மூலையை நகர்த்த வேண்டும்.

ஆப்புகளை எப்போதும் ஜோடியாக, எதிரெதிர்ப் பக்கமிருந்து அடியுங்கள். ஒற்றை ஆப்பு ஒருபக்கமாக அழுத்திக் காலைத் திருகிவிடும். ஆப்பு அடித்தபின் மட்டம் முழுவதையும் மறுபடியும் பாருங்கள். ஒவ்வோர் அடியும் எதையாவது அசைத்திருக்கும்.

10. கலவை அடைத்தலும் காத்திருத்தலும்

குழிகளை நன்றாக நனையுங்கள், காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்ட், மணல், சிறுஜல்லி ஆகியவற்றை 1:2:4 என்ற அளவில் கலந்து, கிளாம்பைச் சுற்றி வெற்றிடமில்லாமல் குத்தி அடையுங்கள். கலவையை உள்ளே இடிக்கும் விசையில் நிலைக்கால் நடுவில் உள்நோக்கி வளையும். ஆகவே அடைப்பதற்கு முன், கால்களுக்கு நடுவே சரியான அளவில் வெட்டிய குறுக்குக் கட்டையை நிறுத்தி, மேல், நடு, கீழ் அகலங்கள் சமமாக உள்ளனவா என்று பாருங்கள்.

கிளாம்புக் குழிகளை முதல் நாளும், நிலைக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள நீள இடைவெளியை மறுநாளும் அடைப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் நிலை நகர்ந்ததைக் கண்டுபிடித்தாலும் திருத்த இடமிருக்காது. நுரைக் குப்பியால் இடைவெளியை நிரப்புவோர் உண்டு. அது இடைவெளியை மூடும், நிலையைத் தாங்காது. கிளாம்புக்கு மாற்றாக அதைக் கொள்ள முடியாது.

ஏழு நாள்கள் கலவைப் பகுதியை ஈரமாக வையுங்கள். நீரைப் பீய்ச்சியடிக்காமல், மரத்தின்மேல் பாலித்தீன் தாளைச் சுற்றிவிட்டுக் கலவையின்மேல் மட்டும் தெளியுங்கள். அந்த நாள்களில் கதவை மாட்டக் கூடாது, குறுக்குக் கட்டைகளையும் எடுக்கக் கூடாது.

11. பூச்சும் கதவும்

பூச்சு வேலையைக் கதவு மாட்டுவதற்கு முன் முடித்துவிடுங்கள். மரம் மழைக்காலத்தில் உப்பி, வெயில் காலத்தில் சுருங்கும், பூச்சு அசையாது. ஆகவே இரண்டும் சேரும் கோட்டில் வெடிப்பு வருவது உறுதி. பூசும்போதே அந்தக் கோட்டில் ஒரு காடி விட்டுவிட்டாலோ, பிறகு மரப்பட்டி அடித்து மூடினாலோ வெடிப்பு கண்ணில் படாது.

7 அடிக் கதவுக்கு மூன்று கீல்கள் வேண்டும். கதவை அடியில் மெல்லிய கட்டைகள் மேல் நிறுத்தி, பக்கங்களிலும் மேலும் 2 முதல் 3 மி.மீ., அடியில் 5 முதல் 6 மி.மீ. இடைவெளி வருமாறு வைத்துக் கீல்களின் இடத்தைக் குறியுங்கள். முதலில் கீலுக்கு ஒரு திருகாணி மட்டும் போட்டுக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, உரசல் இல்லையென்று தெரிந்த பிறகே மீதியை முடுக்க வேண்டும். திருகாணியைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதை அனுமதிக்காதீர்கள். மரநார் அறுந்து, பிடி தளர்ந்துவிடும். தாழ்ப்பாளும் பூட்டும் இதற்குப் பிறகுதான்.

பெயிண்ட் அடிக்கும்போது கதவின் அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும் விட்டுவிடுவது பொதுவான வழக்கம். ஈரம் அந்த விளிம்புகளின் வழியாகவே ஏறும். கதவை ஒருமுறை கழற்றியாவது அவற்றுக்குப் பூச்சு கொடுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் கீல் திருகாணிகளை ஒருமுறை முடுக்கிவிட்டு, கால்களின் அடியில் மண்குழாய் ஏதும் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.